மதுசாரப் பூட்டு: ஒரு கருவியின் சமூக வரலாறு

மோட்டார் வாகனத்தின் இயந்திரம் இயங்கத் தொடங்குமுன் சாரதியின் மூச்சைச் சோதித்து, அதிலே குறித்த அளவுக்கு மேல் மதுசாரம் இருப்பின் வாகனத்தை இயங்கவிடாது தடுக்கும் சிறு கருவியொன்று கடந்த நாற்பதாண்டுக் காலமாக மேலைநாடுகள் பலவற்றில் வழக்கிலிருந்து வருகின்றது. ஆங்கிலத்திலே இதனை 'இக்னிஷன் இன்ரர்லொக்' என்பர். சுவீடிய மொழியில் இதற்கு வழங்கும் பெயர் 'அல்கோலோஸ்' என்பதாகும். மதுசாரப் பூட்டு என்பதே அதன் நேர்ப்பொருள். முன்னது பொறியியலாளரின் பட்டறைச் சொல். பின்னது எவர்க்கும் விளங்கும் வீட்டுச் சொல். இக்கட்டுரையில் நாம் பின்னதையே கையாளுகின்றோம்.

மொழி, இலக்கிய ஆய்வுகளுக்கு இடமளிக்கும் ஏடொன்றிலே இத்தகைய கருவியைப் பற்றி எழுதுவது பொருந்துமா என்ற ஐயம் சிலருக்கு எழலாம். இலக்கியத்தைச் சமூக உறவுகளினின்றும் பிரித்து நோக்காத நமக்கு அவ்வையம் எழுவதில்லை. நூல்களைப் போன்றே கருவிகளும் குறித்த வரலாற்றுச் சூழலிலே, குறித்த வர்க்க உறவுகளிடையே தோன்றுகின்றன. எதனைக் குற்றமெனக் கொள்வது, எதனை விபத்தெனக் கொள்வது, பொறுப்பை எவர்மீது சுமத்துவது என்பன பற்றி ஒரு சமூகம் எடுத்த முடிவுகள் அவற்றின் அமைப்பிலேயே பொதிந்து கிடக்கின்றன. மதுசாரப் பூட்டைப் பொறுத்தவரையில் வினா இதுதான்: வீதியில் நிகழும் சாவுக்கான பொறுப்பை எங்கே வைப்பது? தனிமனிதன் ஒருவனது மூச்சிலா, அன்றி அவன் குடிப்பதற்கும் குடித்தபின் வாகனம் செலுத்துவதற்கும் வழிசெய்து வைத்திருக்கும் ஏற்பாடுகளிலா? இது வெறும் தத்துவ விசாரம் அன்று. ஐக்கிய அமெரிக்காவில் 2023 ஆம் ஆண்டில் மட்டும் மதுபோதையிற் செலுத்தப்பட்ட வாகனங்களால் நேர்ந்த மோதல்களில் 12,429 பேர் இறந்தனர்.

முதற்கண் கருவியின் தொழிற்பாட்டை விளங்கிக்கொள்வது அவசியமாகும். அருந்திய மதுசாரம் இரைப்பையிலும் சிறுகுடலிலும் உறிஞ்சப்பட்டுக் குருதியுடன் கலந்து நுரையீரலை அடைகின்றது. அங்கே காற்றறைகளின் மெல்லிய சுவரினூடாக அதன் ஒரு பகுதி ஆவியாகி மூச்சுக் காற்றிற் சேர்கின்றது. திரவமொன்றிற் கரைந்துள்ள ஆவியாகும் பொருளின் செறிவுக்கும் அத்திரவத்துக்கு மேலுள்ள காற்றில் அப்பொருளின் செறிவுக்கும் இடையே, குறித்த வெப்பநிலையில், மாறாத விகிதம் உண்டு என்பது ஹென்றியின் விதி. இவ்விதியின் அடிப்படையில், ஆழ்ந்து வெளிவிடப்படும் 2100 கனவளவு மூச்சிலுள்ள மதுசாரம் ஒரு கனவளவு குருதியிலுள்ள மதுசாரத்துக்குச் சமமெனக் கொள்ளப்படுகின்றது. இவ்விகிதம் ஆளுக்காளும், ஒருவரிடத்தே நேரத்துக்கு நேரமும் ஓரளவு வேறுபடும். ஆகவே 2100 என்பது இயற்கை எழுதித்தந்த எண்ணன்று. அளப்பதற்கு வசதியாக மனிதர் உடன்பட்டுக்கொண்ட எண்ணாகும்.

இன்றைய பூட்டுக்களில் மூச்சை அளப்பது எரிபொருட் கலம் எனப்படும் சிறு மின்கலமாகும். பிளாற்றினம் பூசிய இரு மின்வாய்களுக்கிடையே அமிலந்தோய்ந்த மெல்லிய தட்டொன்று இருக்கும். மூச்சிலுள்ள மதுசாரம் மின்வாயிலே ஒட்சியேற்றமடைந்து அசற்றிக்கமிலமாகின்றது. அப்போது வெளிவிடப்படும் இலத்திரன்கள் மின்னோட்டமாகப் பாய்கின்றன. மதுசாரம் எவ்வளவோ மின்னோட்டமும் அவ்வளவு. தொடக்ககாலப் பூட்டுக்களிற் குறைகடத்திகள் பயன்பட்டன. அவை சிகரெட்டுப் புகையையும் பெற்றோல் ஆவியையும்கூட மதுவென மயங்கின. எரிபொருட் கலத்தின் வருகையோடு இம்மயக்கம் பெரிதும் நீங்கிற்று. எனினும் வாயிலே தங்கிய மதுசாரத்தை, வாய் கொப்பளிக்கும் மருந்தில் உள்ளதாயினும், கலம் பிரித்தறியாது. இதனாலேயே எதையேனும் அருந்தியோர் வாயை நீரால் அலம்பிப் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்து ஊத வேண்டுமென அறிவுறுத்தப்படுகின்றனர்.

நமது நாட்டு வீதியோரங்களிற் பொலிசார் ஊதக்கொடுக்கும் பலூனுக்கும் இதற்கும் அடிப்படை வேறுபாடொன்று உண்டு. பலூன் நிகழ்ந்துவிட்டதற்குச் சான்று தேடுகின்றது. பூட்டு நிகழவிருப்பதைத் தடுக்கின்றது. திறப்பைத் திருப்பியதும் சாரதி கருவியின் குழாயில் ஊதுகின்றார். ஐக்கிய அமெரிக்காவிற் பெரும்பாலும் 100 மில்லிலீற்றர் குருதிக்கு 20 முதல் 25 மில்லிகிராம் வரையான அளவே எல்லையாகும். அதற்கு மேற்படின் இயந்திரத்துக்கு மின்சாரம் செல்லாது. பிறர் ஊதித் தருவதையோ பலூனில் அடைத்த காற்றைச் செலுத்துவதையோ தடுப்பதற்காகக் காற்றின் வெப்பமும் வேகமும் அளக்கப்படும். சில கருவிகள் ஊதியபடியே முனகவோ, ஊதியபின் உறிஞ்சவோ வேண்டுமென விதிக்கும். வாகனம் ஓடிக்கொண்டிருக்கையிலும் இடைக்கிடை மீண்டும் ஊதுமாறு கருவி கேட்கும். அதிலே தவறினால் இயந்திரம் நடுவீதியில் நின்றுவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. ஓடும் வாகனத்தை நிறுத்துவது மற்றொரு விபத்துக்கு வழிகோலும் என்பதால் கருவி அவ்வாறு செய்வதில்லை. தவறைப் பதிந்துகொண்டு, சமிக்ஞை விளக்குகளையும் ஒலியெழுப்பியையும் இயக்கி ஊரறியச் செய்யும். ஒன்று அல்லது இரண்டு மாதத்துக்கொருமுறை கருவியைச் சேவை நிலையத்திற் சரிபார்க்க வேண்டும். அப்போது அதன் நினைவிலுள்ள ஒவ்வோர் ஊதலும், நாளும் நேரமும் உட்பட, அதிகாரிகளுக்குச் சென்றடையும். பல இடங்களில் ஊதுபவரின் முகத்தைப் படம்பிடிக்கும் கமராவும் இணைக்கப்படுகின்றது.

மூச்சை அளக்கும் முயற்சி பூட்டுக்கு முற்பட்டது. இண்டியானாப் பல்கலைக்கழகத்து உயிரிரசாயனப் பேராசிரியர் றொல்லா ஹார்கர் 1930களில் உருவாக்கிய 'டிறங்கோமீற்றர்' 1938 இற் பொலிசாரின் கைக்கு வந்தது. பலூனில் ஊதிய மூச்சு, சல்பூரிக்கமிலங் கலந்த பொற்றாசியம் பேர்மங்கனேற்றுக் கரைசலினூடாகச் செலுத்தப்படும். அதன் ஊதாநிறம் மங்குவதைக் கொண்டு மதுசாரம் மதிப்பிடப்படும். 1954 இல் இண்டியானா மாநிலப் பொலிசில் பணியாற்றிய றொபேட் போர்கன்ஸ்ரைன் 'பிறெத்தலைசர்' என்னும் கருவியை அமைத்தார். ஒளிப்படத் தொழில்நுட்பத்திற் பயிற்சி பெற்றவர் அவர். பொற்றாசியம் இருகுரோமேற்றின் நிறமாற்றத்தை மனிதக் கண்ணுக்குப் பதிலாக ஒளிமின்கலங்கொண்டு அளந்தமையில் அப்பயிற்சியின் சுவடு தெரிகின்றது. பேராசிரியரின் ஆய்வுகூடத்திலிருந்து சாதாரணப் பொலிஸ்காரரின் கைக்குக் கருவி இறங்கிவந்த கதை இதுவாகும்.

இங்கே நாம் சற்று நின்று நோக்க வேண்டியது, கருவி காட்டிய எண்ணுக்குச் சட்டங் கற்பித்த பொருளையே. 1939 இல் இண்டியானா மாநிலம் 100 மில்லிலீற்றர் குருதியில் 150 மில்லிகிராம் மதுசாரம் இருப்பதைப் போதைக்குச் சான்றாகக் கொண்டது. அதற்கு மூன்றாண்டுகள் முன்னதாகவே, 1936 இல், நோர்வே 50 மில்லிகிராமை எல்லையாக விதித்திருந்தது. அதே ஈரல், அதே மூளை, அதே மதுசாரம். எனினும் ஓரிடத்தில் மும்மடங்கு குடித்தவன் நல்ல சாரதி. மற்றோரிடத்தில் அதில் மூன்றிலொரு பங்கு குடித்தவன் குற்றவாளி. மதுவிலக்கு 1933 இல் நீக்கப்பட்டு மதுத்தொழில் மீண்டும் தலையெடுத்துவந்த காலத்து அமெரிக்கா, தள்ளாடுபவனை மட்டுமே குற்றவாளியாகக் காண விரும்பியது. பின்னர் 100, பின்னர் 80 என அவ்வெல்லை இறங்கி வந்தது. 80 என்பதை ஏற்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதி குறைக்கப்படும் என 2000 ஆம் ஆண்டில் மத்திய அரசு சட்டமியற்றிய பின்னரே அது நாடெங்கும் பரவிற்று. 50 ஐ முதலில் ஏற்ற மாநிலம் யூட்டா. அச்சட்டம் 2018 டிசம்பர் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. நோர்வே தொட்ட எண்ணை அமெரிக்க மாநிலமொன்று தொடுவதற்கு எண்பத்திரண்டு ஆண்டுகள் பிடித்தன. அவ்வாண்டுகளில் மாறியது இரசாயனம் அன்று. 1962, 1963 ஆம் ஆண்டுகளில் மிச்சிகன் மாநிலத்துக் கிறாண்ட் றப்பிட்ஸ் நகரில் போர்கன்ஸ்ரைன் குழுவினர், மோதலுக்குள்ளான சாரதிகளின் மூச்சை, மோதலின்றி அவ்விடங்களைக் கடந்துசென்ற சாரதிகளின் மூச்சுடன் ஒப்பிட்டனர். 80 மில்லிகிராமைக் கடந்ததும் ஆபத்துத் துரிதமாக ஏறுவதை அவ்வாய்வு காட்டிற்று. பிரித்தானியா 1967 ஆம் ஆண்டின் வீதிப் பாதுகாப்புச் சட்டத்தில் 80 ஐ ஏற்றது. ஐக்கிய அமெரிக்காவோ அவ்வறிவு தன் மண்ணிலேயே விளைந்திருந்தும் மேலும் முப்பதாண்டுகளுக்கு மேல் பொறுத்திருந்தது.

இத்தாமதத்தை விளங்கிக்கொள்ளச் சமூகவியலாளர் ஜோசப் கஸ்வீல்ட் 1981 இல் வெளியிட்ட 'பொதுப் பிரச்சினைகளின் பண்பாடு' என்னும் நூல் துணைபுரிகின்றது. வீதிச்சாவு எவ்வாறு 'குடித்த சாரதி' என்னும் ஒரு மனிதனது பிரச்சினையாக வடிவமைக்கப்பட்டது என்பதை அவர் ஆராய்ந்தார். அதே சாவை வாகன அமைப்பின் குறையாகவோ, போக்குவரத்து ஏற்பாட்டின் குறையாகவோ, மதுவிற்பனை முறையின் குறையாகவோ காண இடமிருந்தும், ஒழுக்கங்கெட்ட தனிமனிதன் என்னும் பாத்திரமே பொதுமேடையை நிறைத்தது என்பது அவரது வாதத்தின் சாரமாகும். இலக்கிய மாணவர்க்கு இது புதிய செய்தியன்று. சமூக முரண்பாட்டை ஒரு வில்லனின் குணக்கேடாகச் சுருக்கிவிடும் நாவல்களை நாம் நன்கறிவோம். கஸ்வீல்ட் மார்க்சியவாதி அல்லர். அவரது பகுப்பாய்வு பாத்திரத்தைக் காட்டுகின்றதேயன்றி, அப்பாத்திரத்தால் எவருக்கு இலாபம் என்பதை வேண்டிய அளவு வற்புறுத்துவதில்லை.

இலாபத்தைத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. அமெரிக்கப் புறநகர்களிற் காரின்றி வேலைக்குச் செல்லவோ பொருள் வாங்கவோ இயலாது. மதுச்சாலை அமைப்போர் இத்தனை வாகனங்களை நிறுத்துவதற்கு இடமொதுக்க வேண்டும் எனப் பல நகரங்களின் கட்டட விதிகளே கட்டாயப்படுத்தின. காரில் வா, குடி, காரிற் போ என்பதே அவ்விதிகளின் நடைமுறைப் பொருள். குடிப்பவன் குடித்ததற்கு மது வணிகர் இலாபமும் அரசு வரியும் பெறுகின்றன. அவன் செலுத்துவதால் வாகன, எண்ணெய் நிறுவனங்கள் வாழ்கின்றன. இரண்டும் ஒரே இரவிற் சந்திக்கும்போது மட்டும் பொறுப்பு அவனொருவனுடையதாகின்றது. 1845 இல் இங்கிலாந்துத் தொழிலாளரின் நிலைமை பற்றி எழுதிய எங்கெல்ஸ், அவர்களது குடிப்பழக்கத்தை வெறும் ஒழுக்கக்கேடாகக் கொள்ளாது, அவர்களது வாழ்க்கை நிலைமைகளின் விளைவாகக் கண்டார். அந்நோக்கு இங்கும் பொருந்தும். ஆயினும் எங்கெல்சின் காலத்துக் குடிகாரன் தனக்கும் தன் குடும்பத்துக்குமே பெரிதும் தீங்கிழைத்தான். இன்று அவனது கையில் ஒன்றரைத் தொன் இரும்பு இருக்கின்றது. இவ்வேறுபாட்டை மறந்து எழுதும் முற்போக்காளரோடு நமக்கு உடன்பாடில்லை.

பூட்டு பற்றிய எண்ணம் 1960களின் இறுதியில் உருக்கொண்டது. மதுபோதையுள்ளவரை இனங்கண்டு தடுக்கும் கருவிகள் பற்றி அமெரிக்க நிறுவனங்கள் அக்காலத்திலேயே ஆராயத் தொடங்கின. ஆயின் வாகனத்தைத் தடுக்கும் பூட்டு என்பது அரசியலில் எத்துணை இடருடையது என்பதை வேறொரு பூட்டு உணர்த்திற்று. 1974 ஆம் ஆண்டுப் புதிய கார்களில் ஆசனப்பட்டியை அணிந்தாலன்றி இயந்திரம் இயங்காதவாறு ஒரு பொறி கட்டாயமாக்கப்பட்டது. மக்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு ஒக்டோபரிலேயே அமெரிக்கக் காங்கிரசின் சட்டம் அதனைத் தடைசெய்தது. எல்லோர்க்குமான பூட்டு நெடுங்காலம் நிலைக்கவில்லை. தண்டிக்கப்பட்டோர்க்கு மட்டுமான பூட்டு அதன்பின் பன்னிரண்டாண்டுகளில் எதிர்ப்பின்றி நுழைந்தது. 1986 இற் கலிபோர்னியா நான்கு மாவட்டங்களிற் பரீட்சார்த்தமாக அதனை அனுமதித்தது. மதுபோதைச் சாரதிகளுக்கெதிரான தாய்மாரின் அமைப்பு 1980 இல் தோன்றியதை அடுத்துப் பொதுசன அபிப்பிராயம் கடுமையடைந்திருந்தது. 2005 இல் நியூ மெக்சிக்கோ, முதன்முறை தண்டிக்கப்படுபவர் உட்பட அனைவரும் பூட்டுப் பொருத்த வேண்டும் என விதித்த முதல் மாநிலமாயிற்று. இன்று முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் அவ்வழியைப் பின்பற்றுகின்றன.

இவ்வமெரிக்க முறையின் பொருளாதார அடிப்படை கவனித்தற்குரியது. கருவி தனியார் நிறுவனங்களின் உடைமை. தண்டிக்கப்பட்டவர் அதனை வாடகைக்குப் பெறுகின்றார். பொருத்துவதற்கு ஒரு கட்டணமும், மாதந்தோறும் 70 முதல் 100 டொலர் வரையிலும் செலுத்துவது வழமை. நீதிமன்றம் வாடிக்கையாளரை அனுப்புகின்றது. நிறுவனம் கட்டணம் அறவிடுகின்றது. தண்டனையே சந்தைப் பண்டமாகின்றது. வழக்கறிஞருக்கு இத்தொகை ஒரு மதிய உணவின் செலவு. மணித்தியாலக் கூலிக்கு உழைப்பவருக்கு அது வாடகைப் பணத்திலும் பிள்ளைகளின் உணவிலும் விழும் வெட்டாகும். பூட்டும் இன்றி, அனுமதிப்பத்திரமும் இன்றி, வேலைக்குச் செல்வதற்காக வாகனத்தைக் களவாகச் செலுத்துவோர் பலராக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கலிபோர்னியா வருமானத்துக்கேற்பக் கட்டணத்தைக் குறைத்து, மிக வறியோர் பத்திலொரு பங்கு மட்டும் செலுத்தினாற் போதுமென விதித்தது. இது வரவேற்கத்தக்கதே. எனினும் குறைக்கப்பட்ட வாடகையும் வாடகையே.

இவற்றைக் கொண்டு பூட்டையே ஒரு வர்க்க ஒடுக்குமுறைக் கருவியெனத் தள்ளிவிடுவோர் உளர். ஊதலை எண்ணிப் பதியும் பொறி, முகத்தைப் பிடிக்கும் கமரா, மாதந்தோறும் அதிகாரிக்குச் செல்லும் அறிக்கை ஆகியன அவர்களது வாதத்துக்கு வலுவூட்டுகின்றன. ஆனால் முடிவு பிழையானது. இயந்திரத்தையும், மூலதனம் அதனைப் பயன்படுத்தும் முறையையும் வேறுபடுத்தி அறிவதற்குத் தொழிலாளருக்குக் காலமும் அனுபவமும் தேவைப்பட்டன என மார்க்ஸ் 'மூலதனம்' நூலின் இயந்திரம் பற்றிய அத்தியாயத்திற் காட்டினார். நெசவுப் பொறிகளை உடைத்தோர் எதிரியைத் தவறாக இனங்கண்டனர். மதுசாரப் பூட்டு உயிர்களைக் காக்கின்றது என்பது ஐயத்துக்கிடமற்றது. பூட்டுப் பொருத்தியிருக்குங் காலத்தில் மீண்டும் அதே குற்றத்துக்குக் கைதாகும் விகிதம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர் கண்டுள்ளனர். வீதியில் இறப்போரிலும் உழைப்பாளர் உண்டு. இரவுநேர வேலை முடிந்து நடந்து செல்பவரைக் காக்கும் பொறியை, அது அரசின் பொறி என்ற ஒரே காரணத்துக்காக இகழ்வது முற்போக்காகாது.

அதே ஆய்வுகள் மற்றோர் உண்மையையும் காட்டுகின்றன. பூட்டைக் கழற்றியதும் அக்குறைவு பெரும்பாலும் மறைந்துவிடுகின்றது. கருவி செயலைத் தடுத்ததேயன்றி, செயலுக்கான காரணத்தைத் தீண்டவில்லை. அவன் வாழும் புறநகருக்குப் பஸ் வரவில்லை. அவனது உழைப்பின் அலுப்பும் தனிமையும் தீரவில்லை. குடிநோய்க்கு வைத்தியம் கிடைக்கவில்லை. ஈராண்டு காலம் ஒருவனது மூச்சை நாள்தோறும் அளந்த சமூகம், அவன் ஏன் குடிக்கின்றான் என ஒருமுறையேனும் கேட்டதில்லை.

சுவீடனின் அனுபவம் இங்கே ஒப்புநோக்கத்தக்கது. அங்கும் வர்க்க வேறுபாடு ஒழிந்துவிடவில்லை. பூட்டைத் தெரிவுசெய்யும் குற்றவாளி செலவைத் தாமே ஏற்க வேண்டும் என்ற விதி அங்கும் உண்டு. எனினும் வேறுபாடுகள் சில உள. 1999 இல் தொடங்கிய பரீட்சார்த்தத் திட்டத்தில் பூட்டுடன் ஒழுங்கான வைத்திய மேற்பார்வையும் இணைக்கப்பட்டிருந்தது. அதாவது மூச்சோடு மனிதனும் கவனிக்கப்பட்டான். மது சில்லறை விற்பனை அரசின் ஏகபோக நிறுவனமான 'சிஸ்ரெம்போலாகெற்' வசம் இருப்பதால், குடியைப் பெருக்கி இலாபமீட்டும் தேவை விற்பனையாளனுக்கு இல்லை. இவற்றினும் முக்கியமானது 1997 இற் சுவீடிய நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட 'பூச்சிய நோக்கு' என்னும் கொள்கையாகும். மனிதர் தவறிழைப்பர், அத்தவறு சாவில் முடியாதவாறு வீதியையும் வாகனத்தையும் அமைப்பதில் இறுதிப் பொறுப்பு அவற்றை வடிவமைத்து நடத்துவோருடையது என அக்கொள்கை கூறுகின்றது. கஸ்வீல்ட் காட்டிய தனிமனித வில்லன் இங்கே மேடையின் நடுவிலிருந்து சற்று ஒதுக்கப்படுகின்றான்.

இந்நோக்கின் விளைவாகப் பூட்டு தண்டனையின் அடையாளமாக அன்றிப் போக்குவரத்துச் சேவையின் தரமாகவும் சுவீடனில் வழக்குக்கு வந்தது. உள்ளூராட்சி மன்றங்கள் பல, தமக்குச் சேவை வழங்கும் பஸ்களிலும் லொறிகளிலும் பூட்டு இருத்தல் வேண்டுமென ஒப்பந்தங்களில் நிபந்தனை விதித்தன. பின்லாந்து 2011 ஓகஸ்ட் முதல் பாடசாலைப் பிள்ளைகளையும் பகற்பராமரிப்பு நிலையச் சிறுவரையும் ஏற்றிச்செல்லும் ஒப்பந்த வாகனங்களில் இதனைக் கட்டாயமாக்கியது. பிரான்சில் 2015 செப்டெம்பர் முதல் தொலைதூரப் பஸ்கள் யாவற்றுக்கும் இது விதியாயிற்று.

இங்கேயும் ஒரு முரண்பாடு உண்டு. கூலிக்கு வாகனம் செலுத்தும் தொழிலாளி ஒவ்வொரு காலையும் ஊதித் தன்னை நிரூபிக்க வேண்டியுள்ளது. அந்நிறுவனத்தின் முகாமையாளர் தமது சொந்தக் காரில் ஊதாமலே செல்கின்றார். ஐம்பது பிள்ளைகளின் உயிரைத் தாங்குபவரிடம் கூடிய எச்சரிக்கையை எதிர்பார்ப்பது நியாயம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பதிவுகள் எவரிடம் செல்கின்றன, ஒரு நாள் தவறிய சாரதிக்குக் கிடைப்பது வைத்தியமா வேலைநீக்கமா, அவ்விதிகளை வகுப்பதில் தொழிற்சங்கத்துக்குக் குரல் உண்டா என்பனவே பூட்டின் தன்மையைத் தீர்மானிக்கின்றன. பிளாற்றின மின்வாய் ஸ்ரொக்ஹோமிலும் டலாசிலும் ஒரே வண்ணமே தொழிற்படுகின்றது. மின்னோட்டம் பாய்ந்தபின் நிகழ்வதே வேறுபடுகின்றது.

ஆகவே பூட்டு முற்போக்கான திசையில் நகர வேண்டுமாயின் அது அனைவருக்கும் உரியதாதல் வேண்டும் என்பதே நமது கருத்து. ஆசனப்பட்டியையும் தடுப்புக்கட்டையையும் போல வாகனத்தின் உறுப்பாக அது அமையுமானால், அதற்கு வாடகையும் இல்லை, அவமானமும் இல்லை, வழக்கறிஞர், கூலியாள் என்ற பேதமும் இல்லை. ஐக்கிய அமெரிக்காவில் 2008 முதல் அரசும் வாகன உற்பத்தியாளரும் இணைந்து, குழாயில் ஊதாமலே சாரதியின் இயல்பான மூச்சை அகச்சிவப்புக் கதிர்களால் அறியும் முறையையும், விரலின் தோலூடாக அறியும் முறையையும் ஆராய்ந்து வருகின்றனர். மதுபோதையைக் கண்டறியும் பொறி எல்லா வாகனங்களிலும் அமைந்தால் ஆண்டுதோறும் 9000 க்கு மேற்பட்ட உயிர்கள் காக்கப்படலாம் என அந்நாட்டின் வாகனக் காப்புறுதித் துறையினரின் ஆய்வு நிறுவனம் 2020 இல் மதிப்பிட்டது.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்பது ஆராய்தற்குரியது. தனிமனித சுதந்திரத்தின் பெயரால் பலர் பேசினர். அவர்களுள் மது பரிமாறும் உணவகங்களின் சார்பில் இயங்கும் அமெரிக்கன் பெவரிஜ் இன்ஸ்ரிரியூட் என்னும் அமைப்பு முன்னணியில் நின்றது. முதன்முறை தண்டிக்கப்படுவோர் அனைவர்க்கும் பூட்டு என்பதையே அது எதிர்த்தது. எல்லோர் காரிலும் பூட்டு வருமானால் இரவுணவோடு இரண்டு கோப்பை வைன் அருந்துபவரும் அஞ்சுவர் என்பது அதன் கவலை. குடிகாரனை வில்லனாகச் சித்திரிப்பதில் மது வணிகத்துக்கு ஆட்சேபமில்லை. அளவோடு குடிப்பவரின் கோப்பை குறையும்போதே ஆட்சேபம் எழுகின்றது.

2021 நவம்பரிற் கையெழுத்தான உட்கட்டமைப்புச் சட்டத்தில் அமெரிக்கக் காங்கிரஸ், புதிய பயணிகள் வாகனங்களில் மதுபோதைச் சாரத்தியத்தைத் தடுக்கும் தொழில்நுட்பத்துக்கான நியமத்தை மூன்றாண்டுகளுள் வகுக்குமாறு போக்குவரத்துத் திணைக்களத்தைப் பணித்தது. 2024 நவம்பரில் அக்கெடு இறுதி விதியேதும் வெளியிடப்படாமலே கடந்தது. ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியை நாடிற்று. 2019 இல் இயற்றப்பட்ட அதன் பொதுப் பாதுகாப்பு ஒழுங்குவிதிக்கமைய, 2024 ஜூலை முதல் அங்கு பதிவாகும் புதிய கார், பஸ், லொறி ஆகிய ஒவ்வொன்றும் மதுசாரப் பூட்டை இலகுவிற் பொருத்துவதற்கேற்ற இணைப்பு வசதியுடன் வெளிவருதல் வேண்டும். பூட்டைப் பொருத்துமாறு அவ்விதி எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. எவரது வாகனத்தில், எவரது செலவில் அதனைப் பொருத்துவது என்பதை அது உறுப்பு நாடுகளின் சட்டங்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் வாகன உரிமையாளர்களுக்கும் விட்டுவைத்துள்ளது.